சாண்டோவுக்கு வராத பந்து

பக்கத்து ஊர் சான் ரோக்கேக்காரர்களிடம் நாங்கள் கூடைப்பந்தில் வருஷம் தவறாமல் தோற்றுக்கொண்டிருந்த காலத்தில், அதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். நடுவர் அவர்கள் ஊர் மருமகன் என்றார்கள் சிலர். சட்டையின் பச்சை நிறம் ஆகாது என்று சொல்லி ஒரு வருஷம் மஞ்சளுக்கு மாற்றினார்கள். பாதிரியாரைக் கூட்டிவந்து பந்துக்குத் தீர்த்தம் தெளித்தார்கள். பயிற்சியாளர் ஆம்போ வாத்தியாரை மாற்றியே ஆக வேண்டும் என்று ஊர்த்தலைவர் கூட்டம் போட்டார். வேறு ஆள் கிடைக்காததால் கூட்டத்தின் முடிவில் அவரையே மறுபடி வைத்துக்கொண்டார்கள்.

என் பெட்டிக்கடை மைதானத்தை ஒட்டி இருக்கிறது. மீன் வறுக்கும்போதும் எனக்கு ஒரு கண் ஆட்டத்தில்தான். அதனால் தெரிந்து சொல்கிறேன், எங்கள் தாலாங்பான் அணி லேசுப்பட்ட அணி இல்லை. வில்மர் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடிவந்தால் எதிராளி எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நிற்பான். கோழி சுடும் கடையில் வேலை பார்த்த ரெய்னாண்டே எங்கே நின்று எறிந்தாலும் பந்து வளையத்தில் படாமல் வலையில் இறங்கும். கூடைக்கு அடியில் சாண்டோ. ஐஸ் ஃபேக்டரியில் பாளம் பாளமாக ஐஸ் தூக்கிப் பழகிய தோள் அவனுக்கு. அவன் காலை அகட்டி நின்றுவிட்டால் அந்தப் பக்கம் யாரும் போக முடியாது. தவறிவிழும் பந்தெல்லாம் அவன் கைக்குத்தான் போகும். இப்படி மூன்று பேர் மாவட்டத்தில் வேறு எந்த ஊரிலும் ஒன்றாக இல்லை. அப்படியும் கோப்பைக்கான கடைசி ஆட்டத்தை நாங்கள் கண்ணால் கண்டதில்லை. அரையிறுதியோடு சரி. சில வருஷம் அதுகூட இல்லை.

இந்தச் சாண்டோவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். முழுப்பெயர் கிரிசாண்டோ. அப்பா யாரென்று அவன் அம்மா யாரிடமும் சொன்னதில்லை. அவள் ஹாங்காங்கில் வீட்டு வேலைக்குப் போனபோது பையனைத் தன் அண்ணன் பெலினோவிடம் விட்டுவிட்டுப் போனாள். பெலினோவுக்கு ஒரே மகன், அவன்தான் வில்மர். இரண்டு பையன்களுக்கும் சில மாதம்தான் வித்தியாசம். இருந்தாலும் வில்மர் அவனை மனோங் என்று அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவான். ஒரே பாயில் படுத்து, ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். பள்ளிக்கூட அணியில் விளையாடும்போது வில்மர் தலையைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டான், பந்தைப் பின்னால் எறிவான். அங்கே சாண்டோ நிற்பான். கேட்டு வாங்குகிற வழக்கம் இரண்டு பேருக்கும் கிடையாது. அந்த வயதில் அவர்கள் பள்ளிக்கு மாவட்டக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர்கள் என்பதை இன்றைய பையன்கள் நம்புவதில்லை.

பிறகு அந்த வாடைக்காற்று வருஷம் வந்தது. இலோயிலோ நகரத்தில் ஒரு கல்லூரி அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று வில்மரை ஆம்போ வாத்தியார் பஸ் ஏற்றி அனுப்பினார். மறுநாள் பெலினோவோடு கடலுக்குப் போகிற முறை வில்மருடையது. அவன் இல்லாததால் சாண்டோ போனான். விடியற்காலையில் கிளம்பினார்கள். சூரியன் மேலே ஏறுவதற்குள் காற்று திரும்பிவிட்டது. படகு சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் கட்டியிருந்த மூங்கில்களில் ஒன்று முறிந்தது. படகு கவிழ்ந்தது. மிச்சமிருந்த மூங்கிலைப் பிடித்துக்கொண்டு இருவரும் பகல் முழுக்க மிதந்தார்கள். பெலினோவுக்குத் தலையில் அடி. சாண்டோ ஒரு கையால் மூங்கிலையும் மறு கையால் மாமாவின் சட்டைக் காலரையும் பிடித்திருந்தான். சாயங்காலம் ஒரு பெரிய அலை வந்தது. அது போனபோது அவன் கையில் சட்டை மட்டும் இருந்தது.

மறுநாள் மஸ்பாதே பக்கத்துப் படகுக்காரர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தார்கள். அவன் பெலினோவின் மனைவி அடோரா அத்தையிடம் நடந்ததைச் சொன்னான். ஒரே தடவைதான் சொன்னான். அப்போது வில்மர் பஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருந்தான். அவனைக் கல்லூரியில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெட்டியில் வைப்பதற்கு உடல் இல்லாமல் ஒரு சட்டையை வைத்துப் புதைத்த அந்தச் சடங்கில், வில்மர் தன் அம்மாவின் பக்கத்தில் நின்றான். சாண்டோ எதிர்ப்பக்கம் நின்றான். வில்மர் அவனிடம் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்கப்புறமும் கேட்கவில்லை. கல்லூரிக்கும் போகவில்லை. மூன்று சக்கர வண்டி ஓட்டி அம்மாவைப் பார்த்துக்கொண்டான்.

சாண்டோ அந்த வீட்டைவிட்டு வெளியே வந்து ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னாலிருக்கும் ஒரு அறையில் தங்கினான். கடலுக்கு அப்புறம் போகவே இல்லை. மீன் பிடித்து வருகிறவர்களின் பெட்டிகளில் ஐஸ் உடைத்துப் போடுவதுதான் அவன் கடலுக்குக் கிட்டத்தில் போகிற வேலை. அங்கேயே கணக்கு எழுதிக்கொண்டிருந்த மெல்பாவைக் கல்யாணம் செய்துகொண்டான். கல்யாணத்துக்கு அடோரா வந்தாள், கோழியும் கொண்டுவந்தாள். வில்மர் வரவில்லை. சவாரி இருந்ததாம்.

ஊர் என்ன பேசியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இளம் பையன் பிழைத்தான், வயசானவர் போய்விட்டார், கையை விட்டிருப்பான் என்று பேசினார்கள். சாண்டோவின் காதுபடவும் பேசினார்கள். வில்மரும் அப்படித்தான் நினைக்கிறான், அதனால்தான் முகம் கொடுப்பதில்லை என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். சாண்டோவும் அப்படித்தான் நினைத்திருந்தான். என்னை மனாங் என்று அக்கா முறை வைத்துக் கூப்பிடுகிற மெல்பா ஒரு நாள் என் கடையில் சோப்பு வாங்கும்போது சொன்னாள், இவர் தூக்கத்தில் உள்ளங்கையை மூடிக்கொண்டு படுக்கிறார் மனாங், பிரித்துவிட்டாலும் மூடிக்கொள்கிறார் என்று.

ஆனால் இரண்டு பேரும் அணியில் இருந்தார்கள். எங்கள் ஊரில் நன்றாக விளையாடத் தெரிந்தவன் அணிக்கு வராமல் இருக்க முடியாது, வீடு தேடி வந்து இழுத்துப் போவார்கள். வில்மர் பந்தோடு வருவான். ரெய்னாண்டேவுக்குக் கொடுப்பான், ஓரத்தில் நிற்பவனுக்குக் கொடுப்பான், முடியாவிட்டால் தானே ஏறி எறிவான். சாண்டோ கூடைக்கடியில் தனியாகக் கையை விரித்து நின்றாலும் அங்கே பந்து போகாது. வேண்டுமென்று செய்கிறான் என்று பார்த்தால் தெரியாது. அந்தப் பக்கம் அவன் கண் போகாது, அவ்வளவுதான். சாண்டோவும் கேட்க மாட்டான். தவறிவிழும் பந்தை எடுப்பான், வில்மர் கையில் கொடுப்பான், மறுபடி போய் நிற்பான். சில வருஷத்தில் இது எங்களுக்குப் பழகிவிட்டது. ஆம்போ வாத்தியாரும் வில்மரிடம் ஓரிரு முறை சொல்லிப் பார்த்தார். அவன் சரி என்பான். ஆட்டம் தொடங்கினால் பழைய கதைதான். அந்த வீட்டு விஷயத்தில் தலையிட அவருக்கும் கூச்சம். பையனைப் பஸ் ஏற்றியவர் அவர்தானே.

ஒரு திருவிழாவுக்கு முன்பு, வழக்கம்போல அரையிறுதியில் தோற்ற மத்தியானம், சான் ரோக்கே கேப்டன் டான்டிங் என் கடையில் நூடுல்ஸ் சூப் குடித்துக்கொண்டிருந்தான். ஜெயித்தவர்களுக்குக் கோப்பையோடு ஒரு பன்றியும் உண்டு. அந்தப் பன்றியை எப்படிச் சுடப் போகிறோம் என்று அவன் என்னிடமே விவரித்துக்கொண்டிருந்தான். எனக்கு எரிச்சல். எங்க ஆளுங்க மூணு பேரும் ஒரு நாள் சேந்து நல்லா ஆடினா நீங்க ஒரு பாயின்ட் எடுக்க மாட்டீங்க என்றேன்.

அவன் சூப்பிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்: "மூணு பேரா? மனாங், உங்க சாண்டோவை நாங்க காவல் காக்கறதே இல்ல. அவன் கைக்குப் பந்து வராதே. அவனைப் பாத்துக்க வேண்டிய ஆளைக் கொண்டுபோய் ரெய்னாண்டே மேல விட்டுடுவோம். நாங்க அஞ்சு பேர், நீங்க நாலு பேர். இதுல என்ன வித்தை இருக்கு?"

அருகில் பெஞ்சில் ரெய்னாண்டே உட்கார்ந்து முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தான். அன்று முழுக்க இரண்டு பேர் அவனை இடித்தே கொன்றிருந்தார்கள். அவன் எழுந்தான். நொண்டிக்கொண்டே மைதானத்தின் அந்தக் கோடிக்குப் போனான். அங்கே வில்மர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். சாண்டோ கொஞ்சம் தள்ளிக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். நானும் கரண்டியோடு பின்னால் போனேன்.

"அங்க நிக்கறானே, அவன் உன் கண்ணுக்குத் தெரியறானா?" என்று ரெய்னாண்டே கேட்டான். வில்மர் துடைப்பதை நிறுத்தவில்லை. "வெளியூர்க்காரன் சிரிக்கறான்டா. உங்க குடும்பத்துச் சண்டைக்கு என் முட்டி எதுக்கு உடையணும்? அடுத்த வருஷம் நான் சான் ரோக்கேக்குப் போறேன். அங்க என் மச்சான் வீடு இருக்கு. சொல்லலேன்னு சொல்லாத."

அவன் போய்விட்டான். வில்மர் துணியைப் பிழிந்தான். மறுபடி பிழிந்தான், அதில் தண்ணீர் இல்லை. சாண்டோ குழாயை மூடிவிட்டு அவனிடம் வந்தான். இவர்கள் இப்படி எதிரெதிரே நின்று நான் பார்த்துப் பல வருஷம் ஆயிருந்தது.

"உனக்கு என்ன கேக்கணுமோ கேட்டுடு வில்மர்," என்றான் சாண்டோ. "மாமாவை நான் விடல. சட்டையைத்தான் புடிச்சிருந்தேன். கையைப் புடிச்சிருக்கணும். அது என் தப்புதான். ஆனா விடல."

வில்மர் அவனைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"உன்கிட்ட கேக்க எனக்கு ஒண்ணும் இல்ல, மனோங்," என்றான். "அன்னிக்குப் போக வேண்டியவன் நான். நான் பந்து விளையாடப் போயிட்டேன். எனக்குப் பதிலா நீ போய்த் தண்ணியில கெடந்த. உன் மூஞ்சியப் பாத்தா எனக்கு அதுதான் வருது. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உன்னைப் பாக்கச் சொல்ற?"

சாண்டோவுக்கு இது புரியவே கொஞ்ச நேரம் ஆனது. இத்தனை வருஷம் தன்னைக் குற்றவாளி என்று நினைக்கிறவன் முன்னால் தலைகுனிந்து நின்றவன் அவன். அந்த மனிதனோ, தான்தான் குற்றவாளி என்று ஒளிந்துகொண்டிருந்திருக்கிறான்.

"நீ போயிருந்தா அத்தைக்கு மாமாவும் நீயும் ரெண்டு பேருமே இல்லாம போயிருப்பீங்க," என்றான் கடைசியில். "நீ நீஞ்சற லட்சணம் எனக்குத் தெரியாதா? குளத்துலயே மூழ்கறவன்."

வில்மர் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வராமல் அழுகை வந்துவிட்டது. வண்டியின் இருக்கையில் உட்கார்ந்து முகத்தை அந்த ஈரத்துணியால் மூடிக்கொண்டான். சாண்டோ பக்கத்தில் நின்றான், தொடவில்லை, போகவும் இல்லை. நான் அடுப்பில் எண்ணெய் கருகுகிற வாசனை வந்ததும் திரும்பிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாண்டோவும் மெல்பாவும் அடோரா வீட்டில் சாப்பிட்டார்கள். பெலினோ மூழ்கிய அன்று நடந்ததையெல்லாம் வில்மர் முதல் முறையாகக் கேட்டானாம். காலையில் என்ன சாப்பிட்டார்கள், அப்பா கடைசியாக என்ன பேசினார், எல்லாம். முறிந்த மூங்கிலைக் கட்டிய கயிற்றைத்தான் அவர் கடைசிவரை திட்டிக்கொண்டிருந்தார் என்று சாண்டோ சொல்ல, அது அப்பாதான் என்று வில்மர் சொன்னானாம். இதை அடோராவே என்னிடம் சொன்னாள்.

இனி எங்கள் அணியை யாராலும் அசைக்க முடியாது என்று நினைத்தோம். அடுத்த வருஷப் பயிற்சியின் முதல் நாள் வில்மர் பழையபடி பார்க்காமலே பந்தை எறிந்தான். அது சாண்டோவின் மூக்கில் பட்டது. இரத்தம் வந்தது. அவன் அந்தப் பந்தை எதிர்பார்க்கவே இல்லை. பல வருஷமாகப் பந்து வராத கைக்கு, வரும் பந்தைப் பிடிக்க மறந்துபோயிருந்தது. பிடித்தாலும் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று நிற்பான். ஆம்போ வாத்தியார் தினமும் வேலை முடிந்ததும் அவனை நிறுத்திவைத்து எறியச் சொன்னார். மைதானத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள், வெண்ணெய் கையா என்று கேலி பேசினார்கள். சாண்டோ கோபப்படவில்லை. மூக்கில் பஞ்சை வைத்துக்கொண்டு எறிந்தான். இரண்டு மாதத்தில் ஓரளவு தேறினான்.

ரெய்னாண்டே சொன்னதைச் செய்துவிட்டான். சான் ரோக்கேயின் சிவப்புச் சட்டையில் வந்து நின்றான். ஊரில் சிலர் அவனைத் துரோகி என்றார்கள். வில்மர் அப்படிப் பேசவிடவில்லை. அவன் நமக்காக எத்தனை வருஷம் அடி வாங்கினான், போனது நியாயம்தான் என்றான்.

அந்த அரையிறுதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சாயங்காலம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. சிமென்ட் தரையைப் பையன்கள் சாக்கு போட்டுத் துடைத்தார்கள். சான் ரோக்கேக்காரர்கள் வழக்கப்படி சாண்டோவைத் தனியாக விட்டார்கள். வில்மர் கொடுத்தான், சாண்டோ போட்டான். மறுபடி கொடுத்தான், மறுபடி போட்டான். டான்டிங் தன் ஆட்களைப் பார்த்துக் கத்தினான். அதற்கப்புறம் சாண்டோ மேல் ஒருவன் என்ன, இரண்டு பேர் ஏறினார்கள். பாதி ஆட்டம் வரை நாங்கள் முன்னால் இருந்தோம். என் கடையில் ஒருவன்கூட எதுவும் வாங்கவில்லை, எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள்.

சிக்கல் என்னவென்றால், சாண்டோ மேல் இரண்டு பேர் ஏறியபோது ஓரத்தில் எங்களுக்கு ஆள் தனியாக நின்றான். ஆனால் அங்கே நின்றது ரெய்னாண்டே இல்லை. நின்றவன் எறிந்த பந்தெல்லாம் வளையத்தில் பட்டுத் திரும்பியது. அந்தப் பக்கம் ரெய்னாண்டே எறிந்தது எதுவும் திரும்பவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள் எட்டிப் பிடித்தார்கள். கடைசியில் எங்களுக்கு ஒரே ஒரு பாயின்ட் குறை, பந்து வில்மர் கையில்.

அவன் நடுவில் புகுந்தான். அவனைத் தடுக்க எல்லோரும் வந்தார்கள். அவன் பார்க்காமலே பின்னால் எறிந்தான். பந்து சரியாகச் சாண்டோ கைக்குப் போனது. கூடைக்கடியில் அவனைச் சுற்றி யாருமே இல்லை. கையைத் தூக்கி வைத்தால் போதும். சாண்டோ பந்தைப் பிடித்தான், திரும்பினான், வில்மரிடமே கொடுத்தான்.

வில்மர் அதை வாங்குவதற்குள் நேரம் முடிந்து விசில் ஊதிவிட்டார்கள்.

ஆம்போ வாத்தியார் துண்டைத் தரையில் எறிந்துவிட்டுப் பள்ளிக்கூடப் பக்கம் நடந்தார். ஊர்த்தலைவர் சாண்டோவின் காது கேட்கவே சொல்லக்கூடாததைச் சொன்னார். சாண்டோ கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வில்மர் ஓடிவந்தான். அடிக்கப் போகிறான் என்றுதான் நான் பயந்தேன். அவன் சாண்டோவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஏன் மனோங் குடுத்த? என்னத்துக்குக் குடுத்த?"

"நீ குடுத்தியா, உனக்குக் குடுக்கணும்னு தோணிச்சு," என்றான் சாண்டோ.

சான் ரோக்கே அந்த வருஷமும் கோப்பை வாங்கியது. இரண்டு நாள் கழித்து ரெய்னாண்டே, தன் பங்குக்குக் கிடைத்த பன்றித் தொடையை வாழை இலையில் சுற்றிக்கொண்டு ஐஸ் ஃபேக்டரிக்கு வந்தான். மொறுமொறுவென்று இருந்த தோலைப் புளிக்காடியில் தொட்டு எல்லோரும் தின்றோம். டான்டிங் மிளகாய் போதாமல் சுட்டிருக்கிறான் என்று மெல்பா குறை சொன்னாள். ரெய்னாண்டே திரும்பி வருவானா என்று யாரும் கேட்கவில்லை. அவனுக்கு அங்கே வேலையும் கிடைத்துவிட்டது.

அந்த அணி அத்தோடு கலைந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மறு வருஷம் வில்மர் தைவானுக்கு ஒரு தொழிற்சாலை வேலைக்குப் போனான். அவன் அம்மா அடோராவைச் சாண்டோ குடும்பம் தங்களோடு கூட்டிக்கொண்டது. பிறகு கல்யாணமாகி மகள் பிறந்து, வில்மர் விடுப்பில் வந்து அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது சாண்டோதான் ஞானத்தகப்பன். அன்றிலிருந்து இருவரும், தகப்பனும் ஞானத்தகப்பனும் கூப்பிட்டுக்கொள்கிற முறையில், ஒருவரையொருவர் பாரே என்று கூப்பிட்டுக்கொள்கிறார்கள். வில்மருக்கு நடுநடுவே மறந்து மனோங் என்று வந்துவிடும்.

இப்போது ஊர் அணியில் வேறு பையன்கள். நன்றாகத்தான் ஆடுகிறார்கள். அவர்களும் தோற்கிறார்கள், அதற்கு வேறு காரணங்கள். இவர்களில் இரண்டு பேர் ஒருவனைவிட ஒருவன் உயரமாகத் தெரிய வேண்டும் என்று தலைமுடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வருகிறார்கள். பயிற்சிக்கு வருவதில்லை.

சாண்டோவுக்கு முழங்கால் வீங்குகிறது. இருந்தும் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாற்பது தாண்டியவர்களுக்கான ஆட்டத்துக்கு வந்துவிடுவான். ஓட முடியாது. கூடைக்கடியில் போய் நின்றுகொள்வான். நின்றுகொண்டு, "இங்க! இங்க குடு! நான் சும்மாதானே நிக்கறேன்!" என்று கத்துவான். பந்து எதிரணியிடம் இருக்கும்போதும் கத்துவான். சத்தம் தாங்காமல் நடுவர் அவனைப் போன வாரம் எச்சரித்தார். அவன் சரி என்று தலையாட்டிவிட்டு, நடுவர் திரும்பியதும் மறுபடி கையைத் தூக்கினான்.